மலை மேல ஒரு ஹாஸ்டல்

நம்ம ஊர் பைபாஸ்ல பஸ் ஏறி உட்கார்ந்தா, அரை மணி நேரத்துல நாலு 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' போர்டைப் பார்த்துடலாம். குதிரை ஏத்தம், நீச்சல் குளம், ஏ.சி. கிளாஸ் ரூம்னு கலர் கலரா எழுதியிருப்பாங்க. உள்ளே படிக்கிற அத்தனை பேரும் பக்கத்து ரெண்டு தாலுகாவைத் தாண்டாதவங்க. ''இதுல என்னண்ணே இன்டர்நேஷனல்?''னு ஒரு தடவை வாசல்ல நின்ன வாட்ச்மேன்கிட்ட கேட்டேன். ''ஃபீஸ் தம்பி''ன்னார் மனுஷன்.

நான் சொல்ல வந்த ஸ்கூலும் பிரைவேட்தான். அதுவும் இன்டர்நேஷனல்தான். சொல்லப்போனா ஃபீஸும் உண்டு. ஆனா, அந்த ஸ்கூல் திறந்த வருஷம் அதுல சேர்ந்தது மொத்தம் 16 பையன்கள். அந்தப் பதினாறு பேரும் ஒரே கூரைக்குக் கீழே தூங்கினதுதான் விஷயமே. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து நாட்டில் அப்படித் தூங்க சட்டமே விடாது.

காலேஜ் லைப்ரரியில, ஸ்டடி லீவ்ல படிக்க வேண்டியதை எல்லாம் ஓரமா வெச்சுட்டு மண்டேலாவோட சுயசரிதையைப் படிச்சுக்கிட்டிருந்தப்போதான் இது கண்ணுல பட்டது. பெரிய புக். ராபன் தீவு, கல்லுடைக்கிறது, கோர்ட்டுன்னு போயிட்டே இருக்கும். நடுவில போற போக்கில, பொண்ணுங்களை ஸ்வாசிலாந்தில இருக்கிற வாட்டர்ஃபோர்டுங்கிற போர்டிங் ஸ்கூல்ல சேர்த்தாங்கன்னு வரும். அங்கேயே நின்னுட்டேன். அப்பா ஆயுள் கைதி. அம்மா வின்னியைப் போலீஸ் எப்போ வேணும்னாலும் தூக்கிட்டுப் போகும். இந்தப் பொண்ணுங்களுக்கு எந்த ஹெட்மாஸ்டர் அட்மிஷன் கொடுத்திருப்பார்?

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். ஸ்வாசிலாந்துங்கிற பேர் இப்போ இல்லை. 2018-ல் ராஜா அதை எஸ்வாட்டினின்னு மாத்திட்டார். தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்குகூட வராத குட்டி நாடு. பெரும்பகுதி எல்லை தென்னாப்பிரிக்காவோட, கிழக்கே கொஞ்சம் மொசாம்பிக். தலைநகரம் எம்பபானே. அந்த ஊருக்கு மேல ஒரு மலையில இருக்கு 'வாட்டர்ஃபோர்ட் கம்ஹ்லாபா'. வாயில நுழையலைன்னா பரவாயில்லை, ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க, பழகிடும்.

கதை ஆரம்பிக்கிறது அங்கே இல்லை. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ரொசெட்டன்வில்னு ஒரு இடத்தில. அங்கே செயின்ட் பீட்டர்ஸ்னு ஒரு சர்ச் ஸ்கூல் இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு அந்த நாட்டில் கிடைச்ச நல்ல படிப்புகள்ல ஒண்ணு. மண்டேலாவோட நண்பர் ஆலிவர் டாம்போ அங்கேதான் படிச்சார், பிறகு அங்கேயே வாத்தியாராவும் இருந்தார். பின்னாடி உலகம் பூரா டிரம்பெட் வாசிச்ச ஹியூ மஸகேலாவுக்கு முதல் டிரம்பெட் வாங்கிக் கொடுத்ததும் அங்கே இருந்த பாதிரியார் ட்ரெவர் ஹடில்ஸ்டன்தான்.

1948-ல் நேஷனல் கட்சி ஜெயிச்சு ஆட்சிக்கு வந்தது. அப்புறம் வரிசையா சட்டங்கள். ஒவ்வொரு ஆளையும் 'வெள்ளை', 'கறுப்பு', 'கலப்பினம்'னு பதிவேட்டில் எழுதி வெச்சது 1950 சட்டம். இந்தியர்களையும் தனியாப் பிரிச்சு வெச்சாங்க. யார் எந்த ஏரியாவில குடியிருக்கலாம்னு இன்னொரு சட்டம். பார்க் பெஞ்ச், கக்கூஸ், பஸ் ஸ்டாப்பு வரைக்கும் பிரிக்க 1953-ல் ஒண்ணு. அதே 1953-ல் வந்தது பாண்டு கல்விச் சட்டம். அதைக் கொண்டுவந்த மந்திரி வெர்வூர்டு, கறுப்பினப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம், அதை வெச்சு அவன் என்ன பண்ணப் போறான்னு பார்லிமென்ட்லயே கேட்டவர். கூலி வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு படிப்பு போதும். மறைச்செல்லாம் பேசலை, வெளிப்படையாவே சொன்னாங்க.

சர்ச்சுக்கு ரெண்டு வழி இருந்தது. ஸ்கூலை கவர்ன்மென்ட் சொல்ற சிலபஸுக்கு ஒப்படைக்கணும், இல்லைன்னா இழுத்து மூடணும். செயின்ட் பீட்டர்ஸை 1956-ல் மூடிட்டாங்க.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கலை. அதே இடம், அதே கட்டடம், 1958-ல் செயின்ட் மார்ட்டின்ஸ்னு வேற பேர்ல திறந்தது. வெள்ளைக்காரப் பையன்களுக்கு மட்டும். ஹெட்மாஸ்டரா வந்தவர் மைக்கேல் ஸ்டெர்ன்ங்கிற இங்கிலீஷ்காரர். நேத்து வரைக்கும் யார் உட்கார்ந்திருந்த பெஞ்சு இதுன்னு அவருக்குத் தெரியும். அவங்கள்ல ஒருத்தனைக்கூட இனிமே உள்ளே விட முடியாதுன்னும் தெரியும். நம்மள்ல பல பேர் ''சிஸ்டம் சார், நாம என்ன பண்றது''ன்னு சம்பளத்தை வாங்கிட்டு இருந்திருப்போம். அவர், இந்த நாட்டுக்குள்ள முடியலைன்னா எல்லைக்கு வெளியே பண்றேன்னு கிளம்பிட்டார்.

அப்போ ஸ்வாசிலாந்து பிரிட்டிஷ்காரங்க கையில இருந்தது. அங்கே மட்டும் என்ன வாழ்ந்ததுன்னு கேட்டீங்கன்னா, அங்கேயும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தனி ஸ்கூல், ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்குத் தனி ஸ்கூல்தான். ஆனா ஒண்ணா சேர்த்துப் படிக்க வெச்சா ஜெயில்ல போடற சட்டம் கிடையாது. அந்த இடைவெளி போதும்னு நினைச்சார் ஸ்டெர்ன். பணத்துக்காகப் பல பேர்கிட்ட கேட்டு அலைஞ்சார். கட்டடத்துக்கு பிளான் போட்டவர் மொசாம்பிக்ல இருந்த போர்ச்சுகீசிய ஆர்க்கிடெக்ட் பாஞ்சோ கெடெஸ். 1963-ல் ஸ்கூல் திறந்தது. பல நிறத்தில் 16 பையன்கள், ஒரு மலை, நிறைய காத்து.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. அதே ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில, அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே, 1910-ல், இது மாதிரி ஒண்ணு நடந்திருக்கு. காந்தியோட டால்ஸ்டாய் பண்ணை. நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர். சத்தியாக்கிரகத்தில ஜெயிலுக்குப் போனவங்களோட குடும்பங்கள் அங்கே தங்கினாங்க. அதுல தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சின்னு எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பு, ஒரே சமையல். காந்தியே தமிழ் வாத்தியார். ஜி.யு.போப் எழுதிய இலக்கணக் கையேட்டை வெச்சு ஜெயில்ல கத்துக்கிட்ட தமிழ்! அந்தப் பிள்ளைகள் வாத்தியாரோட தமிழைக் கேட்டு எவ்வளவு சிரிச்சிருப்பாங்கன்னு நினைச்சா எனக்கே சிரிப்பு வருது. பண்ணை ரொம்ப வருஷம் நிலைக்கலை. ஸ்டெர்ன் ஸ்கூல் நிலைச்சது.

சரி, அந்த ஸ்கூல்ல அப்படி என்னதான் விசேஷமா சொல்லிக் கொடுத்தாங்க? ஒண்ணும் இல்லை. அதே இங்கிலீஷ், அதே கணக்கு, அதே பரீட்சை. விசேஷம் எல்லாம் கிளாஸுக்கு வெளியேதான். ஒரே டார்மிட்டரி. ஒரே குளியலறை. ஒரே மேஜையில் சாப்பாடு.

இது எவ்வளவு பெரிய சமாச்சாரம்னு ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஃபர்ஸ்ட் இயர்ல எங்க வார்டன் பேர் வரிசைப்படி ரூம் போட்டார். நாலு பேருக்கு ஒரு ரூம். ரெண்டே வாரம்தான். நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் அப்படியே இருந்தது, ஆட்கள்தான் இடம் மாறிட்டாங்க. ஊர்க்காரன் ஊர்க்காரனோட, 'நம்ம பசங்க' நம்ம பசங்களோட. அந்த 'நம்ம'வுக்கு என்ன அர்த்தம்னு நான் விளக்க வேண்டியதில்லை. யாரும் யாரோடும் சண்டை போடலை. மூணாவது மாசம், மெஸ்ல யார் எந்த பெஞ்சுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லலாம். எந்த கவர்ன்மென்டும் சட்டம் போடலை. நாங்களே போட்டுக்கிட்டோம்.

எங்க ரூம்ல மாறிக்க ஆள் கிடைக்காம மிச்சம் இருந்தது நானும் ஒரு கூடலூர்க்காரனும். நாலு வருஷம். விடிகாலை மூணு மணிக்கு அலாரம் வெச்சு என்னை எழுப்பிட்டு அவன் மட்டும் தூங்குவான். அவன் சாக்ஸைப் பத்தி எழுதினா இந்தப் பக்கத்தையே யாரும் தொடமாட்டீங்க. எனக்கு டைபாய்டு வந்தப்போ மெஸ் அண்ணன்கிட்ட கெஞ்சிக் கஞ்சி வெச்சு எடுத்துட்டு வந்ததும் அவன்தான். ''மச்சான், கண்ணை மூடிட்டு முழுங்கிடுடா''ன்னு பக்கத்திலயே உட்கார்ந்திருப்பான். அதுக்கப்புறம் யாராவது ''அவங்க ஆளுங்களே இப்படித்தான்டா''ன்னு ஆரம்பிச்சா, எனக்குக் கேட்கவே பிடிக்காது. லெக்சர் கேட்டு வந்த ஞானம் இல்லை இது. கஞ்சி குடிச்சு வந்தது.

ஸ்டெர்ன் புரிஞ்சு வெச்சிருந்ததும் இதைத்தான்னு நினைக்கிறேன். 'எல்லாரும் சமம்'னு அசெம்பிளியில பேசறதுக்கு ஒரு மைக் போதும். பன்னெண்டு வயசுப் பையன்களை வருஷக் கணக்கா ஒரே அறையில தூங்க வைக்கறதுக்கு ஒரு நாட்டையே தாண்ட வேண்டியிருந்தது.

லீவ் விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. எல்லையைத் தாண்டி தென்னாப்பிரிக்காவுக்குள்ள கால் வெச்ச நிமிஷம் சட்டம் காத்துக்கிட்டிருக்கும். நேத்து ராத்திரி பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தவனோட இன்னிக்கு ஒரே ரயில் பெட்டியில் உட்கார முடியாது. ஒரே பீச்சுக்குப் போக முடியாது. அவன் வீட்டுத் தெருவில இவன் தங்க முடியாது. லீவ் முடிஞ்சு மலை ஏறினா மறுபடி அதே மேஜை. நாம செமஸ்டர் லீவுக்கு ஏங்குவோம். அவங்கள்ல சில பேராவது எப்போடா ஸ்கூல் திறக்கும்னு ஏங்கியிருப்பாங்க.

யாரெல்லாம் வந்தாங்கன்னு பார்த்தா, அது ஒரு தனி லிஸ்ட். மண்டேலா மகள்கள் ஜெனானி, ஜிந்த்ஸி. சிசுலு வீட்டுப் பிள்ளைகள், டெஸ்மண்ட் டுட்டு வீட்டுப் பிள்ளைகள். வெள்ளைக்காரங்கள்லயும் சில பேர் பிடிவாதமா இங்கேதான் அனுப்பினாங்க. எழுத்தாளர் நாடின் கோர்டிமர் (1991-ல் நோபல் பரிசு வாங்கினவர்) மகன் இங்கே படிச்சவர். எம்பபானேயில பிறந்து பின்னாடி ஹாலிவுட் போன நடிகர் ரிச்சர்ட் ஈ.கிரான்ட்டும் இந்த ஸ்கூல்தான்.

அப்புறம் போட்ஸ்வானாவோட முதல் ஜனாதிபதி செரெட்ஸே காமாவோட மகன் இயான் காமா. செரெட்ஸே லண்டன்ல ரூத்ங்கிற வெள்ளைக்காரப் பொண்ணை 1948-ல் கல்யாணம் பண்ணார். பக்கத்து நாடான தென்னாப்பிரிக்காவுக்கு அது பொறுக்கலை. பிரிட்டிஷ் சர்க்கார் சொந்த நாட்டுக்கே போகக்கூடாதுன்னு அவரைப் பல வருஷம் வெளியே நிறுத்தி வெச்சது. அந்த வீட்டுப் பையன் தென்னாப்பிரிக்காவில எந்த ஸ்கூல்ல சேர முடியும்? வெள்ளை ஸ்கூலா, கறுப்பு ஸ்கூலா? இந்த மலையில அந்தக் கேள்வியே எழலை. 2008-ல் இருந்து 2018 வரைக்கும் போட்ஸ்வானா ஜனாதிபதி அவர்தான்.

இந்த இடத்தில எனக்கு ஒரு உறுத்தல் வந்தது. லிஸ்ட்டைப் பார்த்தீங்கல்ல? தலைவர் வீட்டுப் பிள்ளை, எழுத்தாளர் வீட்டுப் பிள்ளை, ஜனாதிபதி வீட்டுப் பிள்ளை. சொவெட்டோவில வீட்டு வேலை பார்க்கிற அம்மாவோட பையன் எங்கே? சில பேருக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கும். லட்சக்கணக்கான பேருக்கு அந்த மலை இருக்கிறதே தெரியாது. அவங்க, பாதிப் பாடத்தை ஆஃப்ரிகான்ஸ் மொழியிலதான் படிக்கணும்னு உத்தரவு வந்தப்போ, 1976 ஜூன் 16-ந் தேதி யூனிஃபார்மோட தெருவில இறங்கினாங்க. போலீஸ் சுட்டது. அந்த நாட்டை உலுக்கினது அந்தப் பிள்ளைகள்தான், மலை மேல இருந்தவங்க இல்லை. பிரைவேட் ஸ்கூல் எவ்வளவு நல்ல ஸ்கூலா இருந்தாலும் அதுக்கு ஒரு வாசல் உண்டு, வாசல்ல ஒரு ஃபீஸ் உண்டு. நம்ம வாட்ச்மேன் அண்ணன் சொன்னது இங்கேயும் கொஞ்சம் பொருந்தும்.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. 'வேற வேற இனம் ஒண்ணா வாழவே முடியாது, அடிச்சுக்குவாங்க, அதனாலதான் பிரிச்சு வெச்சிருக்கோம்'ங்கிறதுதான் நிறவெறி அரசாங்கத்தோட ஒரே வாதம். எல்லையில இருந்து கொஞ்ச தூரத்தில, தினமும் அதைப் பொய்யாக்கிக்கிட்டு ஒரு ஹாஸ்டல் ஓடிக்கிட்டிருந்தது. அடிச்சுக்கவும் செஞ்சிருப்பாங்க, ஹாஸ்டல்னா சும்மாவா? சோப்புக்கும் கட்டிலுக்கும் அடிச்சுக்கறது வேற.

'கம்ஹ்லாபா'ங்கிற பேர் 1967-ல் வந்தது. வெச்சவர் ராஜா இரண்டாம் சோபுசா. உலகத்தைச் சேர்ந்தது, குட்டி உலகம்னு ரெண்டு அர்த்தமும் வருமாம். அழகான பேர். அதுக்கு அடுத்த வருஷம், 1968-ல் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. 1973-ல் அதே ராஜா அரசியல் சட்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு, கட்சிகளைத் தடை பண்ணிட்டார்! 1982-ல் தென்னாப்பிரிக்காவோட ரகசியமா ஒரு பாதுகாப்பு ஒப்பந்தமும் போட்டாங்க, அது வெளியே தெரிஞ்சது 1984-ல். அந்த வருஷங்கள்ல ஸ்வாசிலாந்தில தங்கியிருந்த மண்டேலா கட்சிக்காரங்களைத் தேடி வந்து கடத்தினாங்க, கொன்னாங்க. மலை மேல படிச்ச பிள்ளைகளுக்குக் கீழே நடக்கிறது தெரியாமலா இருந்திருக்கும்? இன்னிக்கும் அந்த நாட்டில் ராஜா ஆட்சிதான். 2021-ல் ஜனநாயகம் கேட்டுத் தெருவுக்கு வந்தவங்க மேல துப்பாக்கிச் சூடு நடந்தது. சுதந்திரத்துக்கு அடைக்கலம் கொடுத்த ஸ்கூல், கட்சி வெச்சுத் தேர்தல்ல நிக்க முடியாத நாட்டில இருக்கு. இந்த முரண்பாட்டை ஸ்கூலோட பெருமை பேசறவங்க லேசா தாண்டிப் போயிடறாங்க. தாண்டக் கூடாது.

1981-ல் இந்த ஸ்கூல் 'யுனைடெட் வேர்ல்டு காலேஜஸ்'ங்கிற அமைப்பில சேர்ந்தது. ஜெர்மனியில ஹிட்லரை எதிர்த்துப் பேசி 1933-ல் ஜெயிலுக்குப் போன குர்ட் ஹான்ங்கிற வாத்தியாரோட யோசனை அந்த அமைப்பு. முதல் காலேஜ் 1962-ல் வேல்ஸ்ல, ஒரு பழைய கோட்டைக்குள்ள திறந்தது. வாட்டர்ஃபோர்ட் நாலாவது. நம்ம நாட்டிலயும் ஒண்ணு உண்டு. புனே பக்கத்தில 1997-ல் ஆரம்பிச்ச மஹிந்திரா காலேஜ். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வயசில ரெண்டு வருஷப் படிப்பு. ஒவ்வொரு நாட்டிலயும் ஒரு கமிட்டி உட்கார்ந்து ஆள் எடுக்கும், பணம் இல்லாதவங்களுக்கு உதவித்தொகை உண்டு. நமக்கு வயசு தாண்டிடுச்சு. வீட்டில தம்பி, தங்கச்சி பத்தாவது படிச்சா விசாரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

அந்த ஸ்கூலுக்குப் பல வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்தவர் ரிச்சர்ட் ஐயிங்டன். 1994-ல் தென்னாப்பிரிக்காவில எல்லாருக்கும் ஓட்டு வந்து, ஸ்கூல் எதுக்காக உருவாச்சோ அந்தச் சட்டமெல்லாம் குப்பைக்குப் போனதையும் பார்த்தவர். ரிட்டயர் ஆகி நிம்மதியா தோட்டம் போட்டிருக்கலாம். அவரும் மனைவி ஈனிடும் சோமாலிலாந்துக்குப் போய், போரில் சிதைஞ்ச ஊரான ஷேக்ல ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தினாங்க. 2003 அக்டோபர்ல ரெண்டு பேரையும் அங்கேயே சுட்டுக் கொன்னுட்டாங்க. இதை எழுதிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

மண்டேலா பொண்ணுங்க கதை பாக்கி இருக்கு. 1969 மே மாசம், லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தப்போ ராத்திரி போலீஸ் வந்து அவங்க கண் முன்னாடியே வின்னியைக் கூட்டிட்டுப் போனது. 491 நாள் உள்ளே. ஜெனானிக்கு அப்போ பத்து வயசு, ஜிந்த்ஸிக்கு எட்டு. அந்தச் சமயம் ஸ்வாசிலாந்திலயே ஒரு கான்வென்ட் போர்டிங்ல இருந்தாங்க. சர் ராபர்ட் பிர்லின்னு, இங்கிலாந்தில ஈட்டன் பள்ளிக்கு ஹெட்மாஸ்டரா இருந்தவர். அவரும் அவர் மனைவியும் உதவி பண்ணி, அப்புறம் வாட்டர்ஃபோர்ட்ல இடம் கிடைச்சது. 16 வயசு ஆகாத பிள்ளைங்க ராபன் தீவுக்குப் போய் அப்பாவைப் பார்க்க விதி இல்லை. ஆன பிறகும் நடுவில கண்ணாடி.

ஸ்வாசிலாந்தில படிக்கப் போன இடத்திலதான் ஜெனானிக்கு ராஜா சோபுசாவோட மகன் தும்புமூசி பழக்கமானார். கல்யாணப் பேச்சு வந்தப்போ, மாப்பிள்ளையை விசாரிக்க வேண்டிய அப்பா ஜெயில்ல. அதனால தன் வக்கீல் ஜார்ஜ் பிசோஸை அனுப்பி, அந்தப் பையனை இன்டர்வியூ பண்ணச் சொன்னார் மண்டேலா! வக்கீல் திரும்பி வந்து, பையன் ஒரு இளவரசனாச்சேன்னு சொல்ல, அவனுக்குக் கிடைக்கப் போறதும் ஒரு தெம்பு இளவரசிதான்னு சொல்லிவைங்கன்னாராம் அப்பா. எந்த ஊரானாலும் மாமனார் மாமனார்தான்.

1977-ல் கல்யாணம். ஜெனானி அரச குடும்பத்து மருமகள் ஆனதால வெளிநாட்டுத் தூதர்களுக்கு உள்ள அந்தஸ்து வந்தது. இப்போ ஜெயில் விதி அவங்களைத் தடுக்க முடியாது. அடுத்த வருஷம், 1978-ல், கணவரோடவும் கைக்குழந்தையோடவும் ராபன் தீவுக்குப் போனாங்க. கண்ணாடி இல்லாத அறை. கைக்குழந்தையா இருந்தப்போ தூக்கின மகளை, வளர்ந்த பொண்ணா, அப்போதான் அவர் முதல் தடவையா கட்டிப் பிடிக்கிறார். அப்புறம் பேத்தியை வாங்கினார். கல்லுடைச்சுக் காய்ச்சுப் போன கை. பார்வை நேரம் முடியற வரைக்கும் குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஸாஸிவேன்னு பேர் வெச்சார். நம்பிக்கைன்னு அர்த்தம்.